அறுபத்தொன்பதாம் ரெஜிமென்டின் காலர்

ஆம்பூர்
5 ஜனவரி 2025

அன்புள்ள ஆபா,

அஸ்ஸலாமு அலைக்கும். பதினொரு நாள் ஆலோசனைக்குப் பிறகு, நேற்று மாலை நாலரை மணிக்கு, அறுபத்தொன்பதாம் ரெஜிமென்டின் காலரும் கைப்பட்டியும் பச்சை நிறம் என்று இறுதியாகத் தீர்மானிக்கப்பட்டது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கூட்டத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். என் வீட்டுக்காரி சுகரா நடுவில் வந்து, சாப்பாட்டு மேசையைக் காலி செய்யச் சொன்னாள். அது நடவடிக்கைக் குறிப்பில் ஏறவில்லை.

எந்தப் பச்சை என்பதில்தான் பத்து நாள் போனது. புத்தகத்தில் வில்லோ மரத்து இலைப் பச்சை என்று போட்டிருக்கிறது. ஆம்பூரில் அந்த மரம் இல்லை. பாலாற்றங்கரை முழுக்கத் தேடினாலும் சீமைக் கருவேலம்தான். கடைசியில் பச்சை மூன்று சொட்டு, வெள்ளை இரண்டு சொட்டு, மஞ்சள் ஒரு சொட்டு என்று கலந்து ஒரு குப்பியில் அடைத்துச் சீல் வைத்துவிட்டேன்.

மாதிரிக்கு நாலு வெள்ளைக்கார ஈய வீரர்களை இத்துடன் அனுப்புகிறேன். ஒவ்வொருவனும் இருபத்தெட்டு மில்லிமீட்டர் உயரம். கையில் இருப்பது அந்தக் காலத்து இந்தியா பேட்டர்ன் மஸ்கட் துப்பாக்கி. நிஜத்தில் முப்பத்தொன்பது அங்குலக் குழல், நம் அளவில் பதினாறரை மில்லிமீட்டர். மார்பில் குறுக்காகப் போகும் வெள்ளை வார் இரண்டும் பஃப் தோல். அதில் யாரும் என்னிடம் வாதாட முடியாது. இருபத்தாறு வருஷமாகத் தோல் தரம் பிரித்துச் சாப்பிடுகிறவன் நான்.

நம் ஒப்பந்தத்தை மறுபடி நினைவூட்டுவது என் கடமை. எதிரி ஒப்புதல் தராத உடுப்பில் எந்தப் படையும் மேசை ஏறக் கூடாது. எங்கள் ஃபேக்டரியில் சரக்கு வாங்குகிற பையருக்கு மாதிரி அனுப்பி, அவர் சீட்டில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் லாட் ஓட்டுவோம். அதே முறைதான் இதற்கும். இரண்டு வீரர்களை நீங்கள் வைத்துக்கொண்டு, இரண்டு பேரைச் சீட்டுடன் திருப்பி அனுப்புங்கள். போர் விஷயம் தபாலில் மட்டும், போன் வீட்டு விஷயத்துக்கு மட்டும். லாக்டவுனில் இந்த விளையாட்டைத் தொடங்கியபோது போனில் நீங்கள் பீரங்கியைப் பற்றிக் கத்தியதும் நான் வைத்ததும் நினைவிருக்கும். வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை பத்தாம் தேதி நடந்த சிப்பாய்க் கலகத்தை, இந்த ஜூலை பத்தாம் தேதி என் மேசையில் தொடங்குகிறோம். சீட்டுக் குலுக்கலில் எனக்கு வெள்ளைக்காரன் வந்தது என் தப்பில்லை.

என் இருமல் இப்போது கம்மி. ஃபேக்டரித் தூசியால் வந்த அலர்ஜி. காலையில் வெறும் வயிற்றில் நாலு மாத்திரை, அவ்வளவுதான். மச்சான் நசீர் பாயின் முழங்கால் எப்படி இருக்கிறது?

தங்கள் தம்பியும் எதிரியுமான
இஷ்தியாக்


கான்பூர்
9 பிப்ரவரி 2025

அன்புத் தம்பி இஷ்தியாக்,

வ அலைக்கும் ஸலாம். உன் வீரர்கள் நாலு பேரும் வந்து சேர்ந்தார்கள். ஒருவனுக்கு மட்டும் பயனெட் வளைந்திருந்தது, பல்லால் கடித்து நேராக்கினேன். தபால்காரர் பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்து, உள்ளே என்ன என்று கேட்டார். இங்கிலாந்து ராணுவம் என்றேன். கையெழுத்தை வாங்கிக்கொண்டு சீக்கிரம் போய்விட்டார்.

பச்சை அருமை. முகஸ்துதி இல்லை. வருஷத்துக்கு நாற்பது பள்ளிக்கூடத்துக்கு யூனிஃபார்ம் தைத்துக் கொடுக்கிற கடைக்காரி சொல்கிறேன். இங்கே ஒரு கான்வென்ட்டில் டை நிறம் அரை ஷேடு தள்ளியிருக்கிறது என்று முன்னூறு டையைத் திருப்பி அனுப்பினார்கள். அவர்களிடம் காட்டினால்கூட உன் காலர் பாஸ் ஆகும். சீட்டில் கையெழுத்துப் போட்டு இணைத்திருக்கிறேன். என் பங்குக்கு வந்த இரண்டு பேரும் கடையின் கண்ணாடி அலமாரியில், சாரணர் ஸ்கார்ஃபுக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள்.

என் சிப்பாய்களுக்குத் தலைப்பாகை தயார். அந்தப் புதுத் தலைப்பாகையில் தோலால் ஒரு சின்னம் இருந்தது, கலகத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்பது உனக்குத் தெரியும். அதை நான் பெயின்டில் போட்டு ஏமாற்ற மாட்டேன். மெல்லிய ஆட்டுத்தோல் ஒரு துண்டு அனுப்பு. எதிரிக்குத் தளவாடம் கொடுக்கிறோமே என்று யோசிக்காதே. அன்றைக்கு அந்த ஊரில் தலையில் தோல் வைக்க மாட்டோம் என்று உயிரை விட்டார்கள். இன்றைக்கு ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரைக்கும் தோல் இல்லாவிட்டால் அடுப்பு எரியாது. இரண்டுக்கும் நடுவில் இருநூற்றுச் சொச்சம் வருஷம்தான்.

ஒரு வீட்டு விஷயம். அலர்ஜிக்கு நாலு மாத்திரை எந்த டாக்டர் கொடுக்கிறார்? அதுவும் வெறும் வயிற்றில்? இன்னும் மூன்று வாரத்தில் நோன்பு வருகிறது. அப்போது எந்த நேரத்தில் போடுவாய் என்று கேட்டு வைத்துக்கொள்.

நசீர் பாயின் முழங்கால் முன்பு போலவே. டாக்டர் நடக்கச் சொல்கிறார், இவர் டாக்டரிடம் ஆட்டோவில் போய் வருகிறார். சுகராவுக்கு என் துவா.

உன் ஆபா
நசீமுன்னிசா


ஆம்பூர்
13 ஏப்ரல் 2025

அன்புள்ள ஆபா,

ஸலாம். தாமதமான பெருநாள் வாழ்த்துகள். வேலை ஜாஸ்தி, அதனால் இரண்டு மாதம் எழுத முடியவில்லை. போரில் இது பின்வாங்கல் ஆகாது.

நீங்கள் கேட்ட ஆட்டுத்தோல் இத்துடன். காகிதம் போல இருக்கும். கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள், ஓரம் சுருண்டுவிடும். பிளேடு போதும். இந்த ஊரிலிருந்து கலகக்காரர்களுக்குப் போகும் முதல் தோல் இதுவாக இருக்கலாம். நிர்வாகத்துக்குத் தெரியாது.

இரண்டாம் கம்பெனியில் எட்டுப் பேர் தயார். உங்கள் ஒப்புதலுக்கு அனுப்பியிருக்கிறேன். சீல் வைத்த குப்பி காலியாகிவிட்டதால் அதே கணக்கில் புதிதாகக் கலந்தேன். மூன்று, இரண்டு, ஒன்று. பெயின்ட் குப்பிகளின் லேபிள் எல்லாம் தின்னரில் கரைந்து உரிந்துவிட்டன. சுகரா புது லேபிள் எழுதி ஒட்டித் தரட்டுமா என்றாள். தோல் செலக்டருக்கு லேபிளா என்று சிரித்தேன்.

ஃபேக்டரியில் ஒரு சின்ன விவாதம். லைனிங் தோல் இரண்டு கட்டு வந்தது. ஒரே ஷேடு என்று ஒன்றாகச் சேர்த்து வைத்தேன். பக்கத்து மேசை பிரேம்நாத் வந்து, "இன்னா பாய், தூக்கமா? இது ஆலிவ் பச்சை, அது டேன் பழுப்பு. ரெண்டையும் ஒண்ணா போட்டுக்கீறீங்க" என்றான். "மேல டியூப்லைட்டைப் பாருடா, மினுக்குது" என்றேன். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு என் மேசைக்கு மேலே இருந்த நாலு டியூப்பையும் மாற்ற வைத்தேன். இப்போது வெளிச்சம் பிரமாதம். பிரேம்நாத் கட்டைப் பிரித்து மறுபடி இரண்டாக அடுக்கிவிட்டான். நான் ஆட்சேபிக்கவில்லை. ஒற்றுமை முக்கியம்.

இருமல் அறவே இல்லை. பசி ஜாஸ்தியாகிவிட்டது. மூன்று கிலோ ஏறியிருக்கிறேன். அங்கே வெயில் எப்படி?

தங்கள் தம்பி
இஷ்தியாக்


கான்பூர்
22 ஏப்ரல் 2025

தம்பி இஷ்தியாக்,

ஸலாம். தோல் வந்தது. நாற்பது தலைப்பாகையிலும் ஒட்டிவிட்டேன். கலகத்துக்கு இனி தடை இல்லை.

உன் இரண்டாம் கம்பெனிக்குக் கையெழுத்து இல்லை. சீட்டைக் கோடு கிழித்துத் திருப்பி அனுப்புகிறேன். காலர் பழுப்பு. கைப்பட்டியும் பழுப்பு. கொஞ்சம் பழுப்பு என்றால் மன்னித்திருப்பேன், இது நன்றாகச் சுட்ட செங்கல். அலமாரியில் இருந்த பழைய இரண்டு பேரை எடுத்து, எட்டுப் பேரையும் அவர்கள் பக்கத்தில் வைத்து, கடை வாசலில் பகல் வெளிச்சத்தில் பார்த்தேன். சந்தேகத்துக்கு எங்கள் டெய்லர் மாஸ்டரையும் கூப்பிட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, ரயில்வே போர்ட்டரா என்று கேட்டார்.

அறுபத்தொன்பதாம் ரெஜிமென்ட் பழுப்புக்கு மாறியதாக உனக்கு ஏதாவது புதுப் புத்தகம் கிடைத்திருந்தால் அந்தப் பக்கத்தை நகல் எடுத்து அனுப்பு. நான் தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். இல்லையென்றால் ஒரே ரெஜிமென்டில் பாதி பச்சையும் பாதி செங்கலுமாக நின்றால், என் சிப்பாய்கள் சிரித்தே கோட்டையைப் பிடித்துவிடுவார்கள்.

இன்னொன்று. நோன்பைப் பற்றி நீ ஒரு வரி எழுதவில்லை. ஒரு வருஷம் ஜுரத்தில் இரண்டு நோன்பு விட்டதற்கு எனக்கு நாலு பக்கம் காரணம் எழுதியவன் நீ. இந்த வருஷம் ஒன்றுவிடாமல் வைத்தாயா? நோன்பு மாதத்தில் மூன்று கிலோ ஏறுகிறவனை நான் இதுவரை பார்த்ததில்லை.

மே மாதம் ஆரம்பித்தால் எனக்குக் கடையில் மூச்சுவிட நேரம் இருக்காது. அதற்குள் பதில் போடு.

ஆபா


ஆம்பூர்
11 மே 2025

மரியாதைக்குரிய ஆபா,

ஸலாம். நலமா? நசீர் பாய் நலமா?

தங்கள் நிராகரிப்புக் கடிதம் கிடைத்தது. அதற்கு மூன்று பதில்கள் இருக்கின்றன. முதலாவதாக, அது பச்சை. இரண்டாவதாக, அது பழுப்பாகவே இருந்தாலும் சரித்திரப்படி சரிதான். மூன்றாவதாக, கான்பூரில் வெளிச்சம் சரியில்லை.

இரண்டாவதைச் சற்று விளக்குகிறேன். ஆறு மாதம் கப்பலில் வந்த துணி. உப்புக்காற்று. பிறகு வேலூர் வெயில். வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இத்தனைக்கும் பிறகு ஒரு பச்சைக் காலர் பச்சையாகவே நிற்கும் என்று எதிர்பார்ப்பது யூனிஃபார்ம் கடைக்காரர்களின் கனவு. புத்தகத்தில் இருப்பது தையற்கடையிலிருந்து வெளியே வந்த அன்றைய நிறம். என் வீரர்கள் ஒரு வருஷம் கோட்டையில் பாரா பார்த்தவர்கள். இதை நீங்கள் ஏற்காவிட்டால் மூன்றாவது நபரின் தீர்ப்புக்கு விடலாம். டெய்லர் மாஸ்டர் வேண்டாம்.

தங்கள் கடிதத்தில் மை ரொம்ப மங்கல். ஜன்னலருகே எடுத்துப்போய்ப் படிக்க வேண்டியிருந்தது. பேனாவை மாற்றுங்கள் ஆபா. வயதாகிறது, சிக்கனத்துக்கும் ஒரு அளவு உண்டு.

இங்கே எல்லாம் சௌக்கியம். போன வாரம் பைபாஸ் சிக்னலில் ஒரு சின்ன உரசல். ஆட்டோக்காரன் மேல்தான் தப்பு. அவன் அப்படி நினைக்கவில்லை. "பாய், சிக்னலு செவப்புல கீது, நீ பாட்டுக்கு மாப்ள ஊர்வலம் மாதிரி வர்றியே" என்று கத்தினான். ஸ்கூட்டர் கண்ணாடி மட்டும் போயிற்று. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஃபேக்டரிக்கு இப்போது பிரேம்நாத் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகிறேன். பெட்ரோல் மிச்சம்.

இஷ்தியாக்


கான்பூர்
17 மே 2025

இஷ்தியாக்,

ஸலாம். இது போர்க் கடிதம் இல்லை. சிப்பாய், காலர், கோட்டை எதுவும் இதில் இல்லை. உட்கார்ந்து படி.

மை மங்கல் என்று எழுதியிருந்தாய். போன கடிதத்தை நான் பேனாவில் எழுதவே இல்லை. கடைக் கம்ப்யூட்டரில் அடித்து, பில் போடுகிற பிரின்டரில் எடுத்து அனுப்பினேன். கறுப்பு கறுப்பாகத்தான் இருந்தது. கையெழுத்து மட்டும்தான் பேனா.

முந்தாநாள் உனக்குப் போன் போட்டேன். எடுத்த எடுப்பில், "போர் விஷயமா, வீட்டு விஷயமா ஆபா?" என்றாய். நான் யோசிக்காமல் காலர் என்று சொல்லிவிட்டேன். "அப்ப தபால்ல எழுதுங்க" என்று வைத்துவிட்டாய். பிறகு சுகராவைக் கூப்பிட்டேன். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு ஆபா" என்றாள். மூன்று தடவை சொன்னாள். ஒரு தடவை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

இத்துடன் ஒரு அட்டை இருக்கிறது. பத்து நூல் கண்டிலிருந்து ஒவ்வொரு துண்டு வெட்டி ஒட்டி, ஒன்றிலிருந்து பத்து வரை பெரிதாக எண் போட்டிருக்கிறேன். எவையெல்லாம் பச்சை என்று பார்த்து, அந்த எண்களை மட்டும் எழுதி அனுப்பு. வாசலில் பகலில் பார். சுகராவைக் கேட்காதே. பிரேம்நாத்தையும் கேட்காதே. டியூப்லைட்டை மாற்றாதே.

என்மேல் கோபப்படு, பரவாயில்லை. உன் சம்பளம் உன் கைக்கு வருவதில்லை, கண்ணுக்கு வருகிறது. ஆலிவையும் டேனையும் பிரிக்கத் தெரியாத செலக்டரை எந்த ஃபேக்டரி வைத்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரிந்ததைவிட உனக்கு நன்றாகத் தெரியும். சிக்னலில் இந்தத் தடவை போனது ஸ்கூட்டர் கண்ணாடி.

மறு தபாலில் பதில் வர வேண்டும்.

நசீமா


ஆம்பூர்
26 மே 2025

ஆபா,

ஸலாம். அட்டை கிடைத்தது. நீங்கள் கேட்டபடி வாசலில் நின்று பகலில் பார்த்தேன். யாரையும் கேட்கவில்லை.

பச்சை: 2, 5, 6, 9.

ஐந்தில் கொஞ்சம் மஞ்சள் சாயல் இருக்கிறது. ஒன்பது நல்ல பச்சை. வேண்டுமானால் அதையே காலருக்கு மாதிரியாக வைத்துக்கொள்ளலாம்.

மாத்திரை இன்னும் ஐந்து வாரம்தான். அது முடிந்தால் எல்லாம் சரியாகிவிடும். உங்கள் முதுகுவலி எப்படி?

இஷ்தியாக்


கான்பூர்
31 மே 2025

என் தம்பிக்கு,

ஸலாம். நேற்று சாயங்காலம் போனில் பாதி நேரம் அழுதேன், மீதி நேரம் திட்டினேன். சொல்ல வேண்டியதைச் சரியாகச் சொன்னேனா என்று தெரியவில்லை. அதனால் இதில் வரிசையாக எழுதுகிறேன். இது வருவதற்குள் நீ போய் வந்திருக்க வேண்டும். போயிருக்காவிட்டால், இதைக் கீழே வைத்துவிட்டுப் புறப்படு.

அட்டையில் பச்சை நூல் 1, 3, 8. நீ எழுதிய நாலில் ஒன்றுகூடப் பச்சை இல்லை. நீ நல்ல பச்சை என்று சொன்ன ஒன்பது, எங்கள் கடையில் செங்கல் நிறம் என்று விற்கிற நூல்.

அட்டையையும் உன் பதிலையும் எங்கள் தெருமுனைக் கண் டாக்டரம்மாவிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் உன் வயதைக் கேட்கவில்லை, கண்ணாடி போடுகிறாயா என்று கேட்கவில்லை. முதல் கேள்வியே, உங்கள் தம்பி டி.பி.க்கு மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதுதான். இல்லை, அலர்ஜி என்றேன். சொல்லும்போதே எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. நாலு மாத்திரை. வெறும் வயிறு. நோன்பு. மூன்று கிலோ.

அங்கிருந்தே சுகராவுக்குப் போன் போட்டேன். "டிசம்பர்லேர்ந்து ஆபா. என் தலைமேல கை வச்சு சத்தியம் வாங்கிட்டார். நான் இன்னா பண்றது?" என்று அழுதாள். அவளைத் திட்டாதே. அவள் சத்தியத்தை மீறவில்லை. நானாகத்தான் கேட்டேன், அவள் இல்லை என்று சொல்லவில்லை.

டாக்டரம்மா சொன்னது இது. அந்த மாத்திரைகளில் ஒரு மருந்து, ஒரு சிலருக்குக் கண் நரம்பைப் பாதிக்கும். பெரும்பாலும் முதலில் போவது சிவப்பு, பச்சை வித்தியாசம். சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் திரும்பி வரும். தள்ளிப்போட்டால் சொல்ல முடியாது. ஆகவே நீயாக எந்த மாத்திரையையும் நிறுத்தாதே, குறைக்காதே. உனக்கு மருந்து கொடுக்கிற இடத்துக்கே போய், பார்வை மாறிவிட்டது என்று சொல். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நீ வாயைத் திறந்தால் போதும்.

ஏப்ரலில் நீ எட்டுப் பேரை அனுப்பினாய். அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நான் புதுப் புத்தகம் கேட்டுக் கடிதம் எழுதினேன்.

ஆபா


ஆம்பூர்
15 ஜூன் 2025

அன்புள்ள ஆபா,

ஸலாம். எழுத்து பெரிதாக இருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். சின்னதாக எழுதினால் வரி ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடுகிறது. எனக்குத் தெரிவதில்லை, சுகரா சொல்கிறாள்.

தளபதி பின்வாங்கியதற்கான அறிக்கை கீழே.

ஜூன் இரண்டாம் தேதி காலை போனேன். உங்கள் போனுக்கு மறுநாள் சனிக்கிழமை, அரை நாள்தான், அதற்கு மறுநாள் ஞாயிறு. இதை மட்டும் மன்னியுங்கள். டாக்டர் நல்ல மனிதர். "முதல் நாளே சொன்னோமே சார், பார்வையில ஏதாச்சும் மாறினா உடனே வாங்கன்னு. எப்பலேர்ந்து இப்படி?" என்றார். ஏப்ரல் என்றேன். "உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" "எனக்குத் தெரியல டாக்டர். எதிரி கண்டுபிடிச்சு எழுதினாங்க." அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். என்னை அடுத்த கட்டடத்து மனநலப் பிரிவுக்கு அனுப்பலாமா என்று அவர் யோசித்தது தெரிந்தது. சுகரா குறுக்கே வந்து, "அவங்க அக்கா சார்" என்றாள். அது அவருக்கு இன்னும் குழப்பமாக இருந்திருக்கும்.

அந்த ஒரு மருந்தை நிறுத்திவிட்டார்கள். மீதி மருந்து இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. நோய் போய்விட்டது, சளிப் பரிசோதனை சுத்தம். கண் திரும்ப மாதக்கணக்கில் ஆகலாம் என்றார்கள். முழுதாகத் திரும்புமா என்று கண் டாக்டரைக் கேட்டேன். "பார்க்கலாம்" என்றார். கண் டாக்டர்கள் இந்தச் சொல்லைத் தவிர்க்க வேண்டும்.

ஏன் மறைத்தேன் என்று போனில் கேட்டீர்கள். கேன்டீனில் என் டம்ளர் தனியாகிவிடும் என்று மறைத்தேன். முதல் சில வாரம் மருந்து போட்டால் பிறகு ஒட்டாது என்று டாக்டருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், டம்ளருக்குத் தெரியாது. பிறகு கண் மாறியபோது, சொன்னால் மருந்தை நிறுத்திவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார்களோ என்று பயந்தேன். பதினோரு வாரம்தான் இருக்கிறது என்று ஆரம்பித்தேன். பிறகு ஆறு என்றேன். ஐந்து என்று உங்களுக்கே எழுதினேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஏப்ரலிலிருந்து நான் தோலைத் தரம் பிரிக்கவில்லை. கட்டு வந்தவுடன் பிரேம்நாத்தைக் கூப்பிட்டு, "நீ இன்னா சொல்றே?" என்று கேட்பேன். அவன் சொன்ன பிறகு, அதையே சத்தமாகச் சொல்லிக் குறித்துக்கொள்வேன். அவனுக்குப் பெருமையாக இருந்தது. "பாய் என்னைக் கேக்காம ஒரு ஷேடு பாஸ் பண்ண மாட்டாரு" என்று கேன்டீனில் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் லீவு போட்ட இரண்டு நாள் மட்டும் நானே பார்த்தேன். அந்த இரண்டு நாள் லாட் எங்கே போனது என்று தினமும் யோசிக்கிறேன். இன்னும் ஃபேக்டரியில் சொல்லவில்லை.

போரைத் தள்ளிவைக்கலாமா என்பது தங்கள் முடிவு.

இஷ்தியாக்


கான்பூர்
24 ஜூன் 2025

தம்பி இஷ்தியாக்,

ஸலாம். உன் பெரிய எழுத்தை நசீர் பாய் கண்ணாடி இல்லாமலே படித்தார். எப்போதும் இப்படி எழுதச் சொல் என்கிறார். அவருக்கு அவர் கவலை.

போர் தள்ளிவைக்கப்படவில்லை. இங்கே ஜூலை ஒன்றாம் தேதி பள்ளிக்கூடம் திறக்கிறது. கடையில் நிற்க இடமில்லை. புறப்பட்டு வந்து உன்னை நேரில் நாலு அறை கொடுக்க முடியவில்லை. ஆகவே தபாலில்தான்.

இரண்டாம் கம்பெனி எட்டுப் பேருக்கும் புதுச் சீட்டு எழுதி, கையெழுத்துப் போட்டு, கடை முத்திரையும் குத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். பழுப்புக் காலருக்கு எதிரித் தரப்பின் முழு ஒப்புதல். கப்பல், உப்புக்காற்று, வேலூர் வெயில், எல்லாம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. மேசையில் ஏற்று.

இனி வீட்டு விஷயம். அந்த இரண்டு நாள் லாட்டைப் பையர் பிரித்துப் பார்ப்பதற்கு முன்னால் நீயாகப் போய்ச் சொல். உனக்கு முன்னால் தோல் போய்ச் சொல்லிவிட்டால், நீ சொல்வது எதையும் கேட்க மாட்டார்கள். இருபத்தாறு வருஷத்தில் நீ ஒரு தப்பு லாட் பாஸ் பண்ணியதில்லை. இப்போது வாயை மூடிக்கொண்டு இருந்தால் அந்த இருபத்தாறும் போய்விடும். டி.பி. என்று சொல்ல வேண்டுமா என்று கேட்காதே. சொல். டம்ளர் தனியானால் வீட்டிலிருந்து ஒரு நல்ல டம்ளர் எடுத்துக்கொண்டு போ.

நான் துவா செய்துகொண்டிருக்கிறேன். சுகராவைத் தினம் ராத்திரி எனக்கு ஒரு மெசேஜ் போடச் சொல். நல்லாத்தான் இருக்கு என்று ஒரு தடவை போட்டால் போதும்.

உன் ஆபா
நசீமுன்னிசா


ஆம்பூர்
10 ஜூலை 2025

அன்புள்ள ஆபா,

ஸலாம். நலம் விசாரித்து வந்த கடிதமும் சீட்டும் கிடைத்தன. முதுகுவலியோடு கடையில் நிற்காதீர்கள், ஒரு ஸ்டூல் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒப்புதல் சீட்டைத் திருப்பி அனுப்புகிறேன். கோபத்தில் இல்லை. நிராகரித்த சரக்கைப் பையர் இரக்கப்பட்டுப் பாஸ் செய்தால், அடுத்த லாட்டில் ஃபேக்டரி கெட்டுப்போகும். இது எங்கள் தொழிலில் முதல் பாடம். எட்டுப் பேரையும் தின்னரில் போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துப் பெயின்டை எடுத்துவிட்டேன். இப்போது வெறும் ஈயத்தில் நிற்கிறார்கள். உடுப்பே இல்லாதவன் தப்பான உடுப்பில் இருக்கிறான் என்று யாரும் சொல்ல முடியாது. ஒப்பந்தத்தில் இதற்குப் பிரிவு இல்லை. ஆட்சேபணை இருந்தால் எழுதுங்கள்.

இன்று காலை ஆறு மணிக்குக் கோட்டையை மேசையில் வைத்தேன். அகழிக்கு நீல பிளாஸ்டிக் ஷீட். சுகராவே மடித்து ஒட்டிக் கொடுத்தாள். காலர் இருக்கிற இரண்டு பேரைக் கிழக்கு வாசலிலும், ஈய வீரர்கள் எட்டுப் பேரைக் கொத்தளத்தின் மேலும் நிறுத்தியிருக்கிறேன். ஒரு பீரங்கி வாசலைப் பார்த்திருக்கிறது. எங்களைக் காப்பாற்ற வர வேண்டிய குதிரைப்படை இன்னும் ஆர்காட்டிலேயே இருக்கிறது. என் முதல் நகர்வு: வாசலை மூடுகிறேன். இனி உங்கள் முறை. ஒரு வாரத்துக்குள் வராவிட்டால் கலகம் கைவிடப்பட்டதாக எடுத்துக்கொள்ளப்படும்.

மருந்து முடிந்துவிட்டது. எடை அறுபத்திரண்டு. அடுத்த கண் பரிசோதனை ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி. உங்கள் அட்டையை ஞாயிறுதோறும் வாசலில் வைத்துப் பார்க்கிறேன். சரியான விடை தெரிந்துவிட்டதால் அது இனி பரிசோதனை ஆகாது என்று சுகரா சொல்கிறாள். நீங்கள் எண்களை மாற்றி வேறொன்று ஒட்டி அனுப்புங்கள். விடையை அவளுக்கு மட்டும் சொல்லுங்கள்.

ஜூன் முப்பதாம் தேதி மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே டீ வரவழைத்தார். அந்த இரண்டு நாள் லாட் கிடங்கில்தான் இருந்தது, இன்னும் ஏற்றவில்லை. பிரேம்நாத்தை விட்டு மறுபடி பிரிக்கச் சொன்னார். அவன் நாள் முழுக்க உட்கார்ந்து பிரித்தான். சாயங்காலம் பைக்கை எடுக்கும்போது, "ஒரு வார்த்த சொல்லக் கூடாதா பாய்? நான் இன்னா வெளி ஆளா?" என்றான். பிறகு, "ஹெல்மெட்டைப் போடு" என்றான்.

நசீர் பாய்க்கு என் ஸலாம்.

தங்கள் தம்பி
இஷ்தியாக்

பி.கு.: ஜூலை ஏழாம் தேதியிலிருந்து என் மேசையில் பிரேம்நாத் தரம் பிரிக்கிறான். எனக்குப் பேக்கிங் பிரிவு. அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிறேன், காலை எட்டரை முதல் மாலை ஐந்தரை வரை.